மாதக்கணக்கில் எழுதியும் எழுத்து ஒரே இடத்தில் நிற்கிறது: காலிகிராஃபியில் அடுத்து என்ன செய்யலாம்?

வெள்ளைத்தாள்:

வணக்கம் நண்பர்களே. காலிகிராஃபியைப் பொழுதுபோக்காகத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. முதலில் பிரஷ் பேனா, அப்புறம் பைலட் பேரலல் 3.8 மி.மீ. தட்டைமுனைப் பேனா, இப்போது கூர்முனை நிப்பும் ஹோல்டரும் வந்துவிட்டன. வேலை முடிந்ததும் உட்கார்ந்து ஒரு பக்கமாவது எழுதிவிடுவேன். ஃபவுண்டேஷனல், இட்டாலிக் (இரண்டும் தட்டை நிப்பில் எழுதுபவை), காப்பர்பிளேட் (கூர்முனையில் எழுதுவது) ஆகிய மூன்று ஆங்கில எழுத்துப் பாணிகளையும் மாறி மாறி எழுதுகிறேன்.

தனி எழுத்தாகப் பார்த்தால் மோசமில்லை. சொல்லாகச் சேர்ந்ததும் அழகு போய்விடுகிறது. சில எழுத்து கறுத்து நிற்கிறது, சிலது மெலிந்து தெரிகிறது. போன மாதத் தாளையும் இந்த வாரத் தாளையும் பக்கத்தில் வைத்தால் எது புதிது என்று சொல்ல முடியவில்லை.

பயிற்சி நேரத்தைக் கூட்ட வேண்டுமா? வேறு நிப் வாங்க வேண்டுமா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். எனக்கு உண்மையான ஆசை தமிழில் எழுதுவதுதான். அதற்கு முன்னால் ஆங்கில எழுத்தில் கைதேர்ந்தே ஆக வேண்டுமா?

தட்டைமுனை:

நேரத்தைக் கூட்ட வேண்டாம், நிப்பும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் 3.8 போதும். பெரிய நிப்பில் பிழை பெரிதாகத் தெரியும், கற்பவருக்கு அது நல்லது.

முதலில் ஓர் அளவு சொல்கிறேன். தட்டை நிப் எழுத்துக்கு உயரத்தை நிப்பின் அகலத்தால்தான் அளக்க வேண்டும். ஃபவுண்டேஷனலுக்கு எக்ஸ் உயரம் (x போல மேலும் கீழும் நீளாத சிறிய எழுத்தின் உயரம்) 4 நிப் அகலம், இட்டாலிக்குக்கு 5. உங்கள் 3.8 நிப்பில் ஃபவுண்டேஷனல் 15.2 மி.மீ. உயரம் வரவேண்டும், இட்டாலிக் 19 மி.மீ. இதைக் கணக்குப் போடக்கூட வேண்டாம். நிப்பைப் பக்கவாட்டில் திருப்பிச் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒன்றின் மேல் ஒன்று படிபோல வைத்துப் பாருங்கள், உயரம் தானாகக் கிடைக்கும். சாதாரணக் கோடு போட்ட நோட்டில் 3.8 நிப்பை வைத்து எழுதினால் எழுத்தின் உள்வெளி அடைபட்டு எல்லாம் கறுப்பாகத்தான் நிற்கும். நீங்கள் சொல்லும் "கறுத்து நிற்கிறது" என்பதில் பாதி இதுவாக இருக்கலாம்.

அடுத்தது கோணம். ஃபவுண்டேஷனலுக்கு நிப்பின் விளிம்பு வரிக்கு 30 டிகிரி. பலரும் 30 என்று நினைத்துக்கொண்டு 40, 45இல் எழுதுவார்கள். சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒரு நேர்க்குத்துக் கோடும் ஒரு படுக்கைக் கோடும் கோணத்தை மாற்றாமல் போடுங்கள். 30 டிகிரியில் 3.8 நிப் போடும் குத்துக்கோடு சுமார் 3.3 மி.மீ. தடிமனும் படுக்கைக் கோடு 1.9 மி.மீ. தடிமனும் இருக்கும். இரண்டும் ஒரே தடிமனாக வந்தால் நீங்கள் 45இல் இருக்கிறீர்கள். ஆங்கில வட்ட o எழுத்திலும் பார்க்கலாம். மிக மெலிந்த இடம் கடிகாரத்தில் 11, 5 இருக்கும் இடங்களில் விழ வேண்டும். 10:30, 4:30 பக்கம் விழுந்தால் கோணம் கூடிவிட்டது என்று பொருள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தக் கலை மறுபடி உயிர்பெற்றதே இப்படி அளந்து பார்த்துத்தான். பிரிட்டிஷ் எழுத்துக்கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டன் மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு வந்தவர். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் பழைய கையெழுத்துப் பிரதிகளை உட்கார்ந்து பார்த்தார். நாணலையும் இறகையும் தானே சீவி, எந்த விளிம்பை எந்தக் கோணத்தில் பிடித்தால் இந்தக் கோடு வரும் என்று கண்டுபிடித்தார். 1899இல் லண்டனில் வகுப்பு எடுக்கத் தொடங்கினார். நாம் இன்று ஃபவுண்டேஷனல் என்று எழுதுவது 10ஆம் நூற்றாண்டின் ராம்ஸி சால்டர் என்ற பைபிள் சங்கீதங்களின் கையெழுத்துப் பிரதியின் எழுத்தை அவர் ஆராய்ந்து வகுத்ததுதான். அந்தப் பிரதியின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பெரிதாக்கிப் பாருங்கள், ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று தெரியும்.

ஆகவே என் யோசனை: மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைச் சில மாதம் தள்ளிவையுங்கள்.

கூர்முனை:

தட்டைமுனை சொன்னதில் அளவும் கோணமும் முழுக்கச் சரி. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னதும் சரி. ஆனால் அந்த ஒன்று ஃபவுண்டேஷனலாகத்தான் இருக்க வேண்டும் என்று தொனிப்பதை ஏற்க மாட்டேன். எது உங்களை மேசைக்கு இழுக்கிறதோ அதை எடுங்கள். பிடிக்காத எழுத்தில் யாரும் மாதக்கணக்கில் நிற்க மாட்டார்கள்.

இரண்டும் கலந்தால் ஏன் குழம்புகிறது என்பதைச் சொல்கிறேன். தட்டை நிப்பில் தடிமனும் மெலிவும் கோணத்தால் வருகின்றன, அழுத்தவே கூடாது. கூர்முனை நிப்பில் அவை அழுத்தத்தால் வருகின்றன. கீழே இழுக்கும்போது அழுத்தம், மேலே போகும்போது துளியும் இல்லை. ஒரே மாலையில் இரண்டையும் எழுதினால் கை ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றுக்குள் கொண்டுபோகும். பேரலலில் அழுத்தி எழுதுவது, கூர்முனையைத் திருப்பித் திருப்பி எழுதுவது, இரண்டும் இப்படி வருபவைதான்.

காப்பர்பிளேட் எடுத்தால் சாய்வு வரியிலிருந்து 55 டிகிரி. சாய்வுக் கோடுகளைத் தாள் முழுக்கப் போட்டுக்கொள்ளுங்கள், மூன்று நான்கு போதாது. நிப்பின் பிளவு அந்தச் சாய்வுக் கோட்டோடு ஒரே நேரில் இருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தும்போது இரண்டு கால்களும் சமமாக விரியும். ஒரு பக்கம் மட்டும் விரிந்தால் கோட்டின் ஓரம் பிசிறடிக்கும். வலக்கைக்காரர்களுக்குச் சாய்வு ஹோல்டர் இருப்பதே இதற்காகத்தான்.

தொடக்கத்துக்கு நிக்கோ ஜி மாதிரி விறைப்பான நிப். மெல்லிய, எளிதில் வளையும் நிப்புகளைக் கை நிதானப்பட்ட பிறகு எடுங்கள். புது நிப்பில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் மை நிப்பில் ஒட்டாமல் திரண்டு சொட்டும்.

முக்கியமானது: காப்பர்பிளேட் ஒரே ஓட்டத்தில் எழுதும் கையெழுத்து அல்ல. ஒவ்வொரு கோட்டுக்கும் பேனாவை எடுத்து வைத்து எழுதுவது. வீடியோவில் வேகமாக ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து அதே வேகத்தில் போகாதீர்கள்.

இடைவெளி:

இழையைத் தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். தனி எழுத்து நன்றாக இருந்து சொல் கெட்டுப்போகிறது என்றால் அது இடைவெளியின் பிரச்சினை. எழுத்தைப் பார்க்கப் பழகியிருக்கிறோம், எழுத்துக்கு நடுவே உள்ள வெள்ளையைப் பார்க்கப் பழகவில்லை.

அடிப்படை இதுதான். இரண்டு நேர்க்கோடுகள் எதிரெதிரே நின்றால் அதிக தூரம் வேண்டும். நேர்க்கோடும் வளைவும் என்றால் கொஞ்சம் நெருக்கம். இரண்டு வளைவுகள் எதிரெதிரே என்றால் மிக நெருக்கம். ஸ்கேல் வைத்துத் தூரத்தைச் சமமாக்கினால் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது. நடுவில் அடைபட்டிருக்கும் வெள்ளைப் பரப்பு சமமாக இருக்க வேண்டும். இட்டாலிக்கில் மினிமம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார்கள். அத்தனையும் நேர்க்கோடு என்பதால், எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையும் எழுத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எழுதிய சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படிக்க முடியாதபோதுதான் அது வெறும் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரியும். எங்கே ஓட்டை, எங்கே நெரிசல் என்று அப்போது பிடிபடும். சுவரில் ஒட்டி எட்ட நின்று பார்ப்பதும் நல்லது.

இனி, தினமும் ஒரு பக்கம் எழுதுவதைப் பற்றி. என் கருத்து கொஞ்சம் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கம் நிரப்புவது பயிற்சி ஆகாது. முதல் வரியில் இருக்கும் கோணல் இருபதாவது வரியில் கையின் வழக்கமாகிவிடுகிறது. ஒரு வரி எழுதுங்கள். நிறுத்துங்கள். மாதிரி எழுத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மிக நன்றாக வந்த எழுத்து ஒன்றையும் மிக மோசமான ஒன்றையும் பென்சிலால் சுற்றுங்கள். மோசமானது ஏன் மோசம் என்று ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: "வளைவு தண்டிலிருந்து மிகக் கீழே பிரிகிறது" என்பதுபோல. "நன்றாக இல்லை" என்று எழுதினால் செல்லாது. காரணம் தெரிந்த பிறகு அதை மட்டும் திருத்த அடுத்த வரி. ஒரு மாலைக்கு ஆறேழு வரிதான் வரும். ஆனால் அந்த ஆறேழு வரிக்குள் எழுத்து மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

கை வளர்வதற்கு முன்னால் கண் வளர வேண்டும். என்ன தவறு என்று கண்ணுக்குத் தெரியாதவரை கை எதைத் திருத்தும்?

மூங்கில்பேனா:

இடைவெளி சொன்ன இதே முறை வேறு மரபுகளில் நூற்றாண்டுகளாக இருக்கிறது, அதைச் சேர்த்துவிடுகிறேன்.

அரபு எழுத்தில் அளவுகோல் ஒரு புள்ளி. நாணல் பேனாவின் விளிம்பை வைத்து அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளிதான் அலகு. அலிஃப் என்ற முதல் எழுத்து, அதாவது ஒற்றைக் குத்துக்கோடு, இத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துகள் அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குப் பொருந்தி வர வேண்டும் என்று ஒழுங்குபடுத்தியவராக அப்பாஸியக் கலீபாக்களின் அமைச்சர் இப்னு முக்லாவைச் சொல்வார்கள். 940இல் இறந்தவர். தட்டைமுனை சொன்ன நிப் அகலக் கணக்கும் இதுவும் ஒரே சிந்தனைதான். அந்த மரபில் மாணவர் எழுதியதன் மேல் ஆசிரியர் புள்ளி வைத்து அளந்து, எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று அடியில் எழுதிக் காட்டுவார். தனி எழுத்து முடிந்த பிறகே கூட்டெழுத்து. இஜாஸா என்னும் ஆசிரியரின் அனுமதி கிடைத்த பிறகே தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை.

சீன மரபில் மூன்று படி. முதலில் மாதிரியின் மேல் மெல்லிய தாளை வைத்து அப்படியே வரைவது. அடுத்து மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுவது. பிறகு மாதிரியை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதித் திறந்து ஒப்பிடுவது. மூன்றாவது படிதான் உண்மையைச் சொல்லும். நீங்கள் பார்த்ததாக நினைத்தது எது, உண்மையில் பார்த்தது எது என்று அதில் தெரிந்துவிடும். சீனர்கள் தலைசிறந்த எழுத்தாகக் கொண்டாடும் வாங் ஷீஜியின் லாந்திங் முன்னுரை 353இல் எழுதப்பட்டது. அதன் மூலம் இன்று இல்லை. நம்மிடம் இருப்பவை தாங் அரச மரபுக் காலத்து நகல்கள். ஒரு கலையின் உச்சமே பார்த்து எழுதியவர்களால்தான் நம்மிடம் வந்திருக்கிறது. அதனால் "நான் இன்னும் காப்பிதான் அடிக்கிறேன், சொந்தப் பாணி இல்லை" என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

வரைவதற்கும் பார்த்து எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள். மேலே வைத்து வரைவது கைக்குப் பாதையைச் சொல்லும். அதிலேயே நின்றுவிட்டால் கண் தூங்கிவிடும்.

இடக்கை:

நல்ல இழை. இடையில் ஒரு கேள்வி. நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன். 30 டிகிரி, 45 டிகிரி எல்லாம் எனக்கு மணிக்கட்டை முறுக்கினால்தான் வருகிறது. வழி உண்டா?

கூர்முனை:

உண்டு. கையை வரிக்கு மேலே வளைத்து வைக்காமல் வரிக்குக் கீழே வைத்து எழுதுங்கள், ஈர மை மேல் கை படாது. தாளை உடம்புக்கு இடப்பக்கமாக நகர்த்தி, கோணம் வசதியாக விழும்வரை திருப்புங்கள். எவ்வளவு திருப்பினாலும் தவறில்லை, நிப்புக்கும் வரிக்கும் உள்ள கோணம்தான் கணக்கு. இடக்கைக்காரர்களுக்கென்று முனை சாய்வாக வெட்டிய தட்டை நிப்புகளும் வருகின்றன, அவை மணிக்கட்டு முறுக்கைப் பெருமளவு குறைக்கும்.

காப்பர்பிளேட்டில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. நேர் ஹோல்டரைப் பிடித்தாலே இடக்கை அந்தச் சாய்வோடு இயல்பாக ஒத்துப்போகும். சாய்வு ஹோல்டர் பெரும்பாலும் தேவைப்படாது.

வெள்ளைத்தாள்:

எல்லாருக்கும் நன்றி. குத்துக்கோடும் படுக்கைக் கோடும் போட்டு அளந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன். ஆக, கோணம் 45 பக்கம் இருக்கிறது. கோடுகளைப் புதிதாக அளந்து போட்டு ஃபவுண்டேஷனலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வரி, ஒரு வட்டம், ஒரு காரணம் முறையில் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே ஒன்று புரிந்தது: என் வளைவெல்லாம் மேலே கூம்பி நிற்கிறது, மாதிரியில் அது அகலமான வட்டம். இத்தனை நாள் அந்த மாதிரி என் மேசையில்தான் இருந்தது.

தமிழ் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஏட்டுச்சுவடி:

நான் சொல்கிறேன், இதற்காகவே காத்திருந்தேன். ஆங்கிலத்தில் கைதேர்ந்த பிறகுதான் தமிழ் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் தட்டை நிப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியை ஃபவுண்டேஷனலில் செய்தால் எளிது, மாதிரிகள் நிறைய இருப்பதால்.

தமிழில் என்ன சிக்கல் என்றால், நம் எழுத்தின் உருவம் தட்டைப் பேனாவில் வளர்ந்தது அல்ல. பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. ஓலையின் நார் நீளவாக்கில் ஓடும். அதே திசையில் நேர்க்கோடு அழுத்தினால் ஓலை கிழியும், அதனால் வளைவுகள் பெருகின. குத்தினால் ஓட்டை விழும் என்பதால் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே பெரும்பாலும் இருக்காது. எழுத்தாணிக் கோடு எங்கும் ஒரே தடிமன். எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று சுவடி நமக்குச் சொல்லவில்லை. அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு இந்தக் கலையில் மிகப் பிடித்ததே இந்த இடம்தான்.

நான் எழுதிப் பார்த்ததில் ஒத்துவந்தவை: கோணம் 30 முதல் 35. உயரம் 4 நிப் அகலம் போதாது. ண, ஞ, இ போன்றவற்றில் சுழி உள்ளே அடைபட்டுவிடும். 6 அல்லது 7 நிப் அகலம் வையுங்கள். மேலே ி, ீ வளைவுக்கும் புள்ளிக்கும் இடம், கீழே ு, ூ, ழ ஆகியவற்றின் வாலுக்கு இடம். ஆகவே வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடத் தாராளமாக விடவேண்டும்.

எழுத்தை அகர வரிசையில் பழகாதீர்கள், உருவ வரிசையில் பழகுங்கள். ட, ப முதலில்: நேர்க்குத்தும் படுக்கையும் மட்டும். அடுத்து ய, ம, ழ. பிறகு க, ச, த மூன்றும் ஒரு குடும்பம், தலையில் படுக்கைக் கோடு, குறுக்கே இறங்கும் தண்டு, இடப்பக்க வளைவு. ன, ண கடைசியில், சுழி இருப்பதால்.

அந்தச் சுழிதான் பெரிய பாடம். தட்டை நிப்பைக் கீழ்நோக்கியும் வலப்பக்கமும் இழுக்கலாம், மேல்நோக்கித் தள்ளினால் தாளில் மாட்டும், மை தெறிக்கும். நாம் சாதாரணப் பேனாவில் ன எழுதுவதுபோல ஒரே சுற்றில் எழுத முயன்றால் இதுதான் நடக்கும். சுழியை இரண்டு கோடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்க வளைவு மேலிருந்து கீழே ஒன்று, வலப்பக்க வளைவு மறுபடி மேலிருந்து கீழே ஒன்று, இரண்டும் மெலிந்த இடத்தில் சந்திக்கட்டும். ஒட்டு தெரியாது. எந்த எழுத்தைக் கண்டாலும் "இதில் கை எங்கே மேலே தள்ளுகிறது, அங்கே எப்படிப் பிரிக்கலாம்" என்று பென்சிலில் அம்புக்குறி போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இடைவெளி பற்றி ஒரு சேர்க்கை. கொ, போ போன்றவை மூன்று உறுப்பாக நிற்கும். கொம்பு, எழுத்து, கால் மூன்றும் ஓர் எழுத்து என்று கண்ணுக்குப் பட வேண்டுமானால் அவற்றின் நடுவே இடைவெளி மற்ற எழுத்துகளுக்கு நடுவே இருப்பதைவிடச் சற்றே குறைய வேண்டும். இல்லாவிட்டால் கால் அடுத்த எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

மூங்கில்பேனா:

ஏட்டுச்சுவடி சொன்னதை மதிக்கிறேன், ஒரு மாற்றுக் கருத்து. ஒரே தடிமனில் வளர்ந்த எழுத்துக்குத் தடிப்பும் மெலிவும் ஏன் கட்டாயம்? உருண்டை முனைப் பேனாவில் ஒரே தடிமனில் எழுதினாலும் அது காலிகிராஃபிதான். அப்போது அழகு முழுக்க வளைவின் ஒழுங்கிலும் இடைவெளியிலும் நிற்கும். மறைக்க எதுவுமே இல்லாததால் அது கடினம், ஆனால் தமிழுக்கு மிக இயல்பு.

ஏட்டுச்சுவடி:

முழுக்க ஏற்கிறேன். கல்வெட்டிலும் சுவடியிலும் இருக்கும் அழகு அதுதான். கற்கிறவருக்கு அதையே முதல் படியாக வைக்கலாம்: பென்சிலில் பெரிதாக, ஒரே தடிமனில், வளைவு சரியாகும்வரை. எலும்புக்கூடு சரியான பிறகு தட்டை நிப். நான் தட்டை நிப்பை விடாததற்குக் காரணம், தலைப்பு மாதிரி பெரிதாக எழுதும்போது தடிப்பும் மெலிவும் தரும் தாளம் எனக்கு வேண்டியிருக்கிறது.

தட்டைமுனை:

தாளும் மையும் பற்றிச் சுருக்கமாக. கோட்டின் ஓரம் பிசிறடித்துப் பரவினால் முதலில் தாளைச் சந்தேகப்படுங்கள், கையை அல்ல. வழவழப்பான, மை உறிஞ்சாத தாள் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே தொடருங்கள். ஒரே நேரத்தில் தாள், மை, நிப் மூன்றையும் மாற்றினால் எதனால் எது மாறியது என்று தெரியாது. அரக்கு கலந்த இந்தியன் இங்க்கைப் பேரலலிலோ ஊற்றுப்பேனாவிலோ ஊற்றவே கூடாது, உள்ளே காய்ந்து அடைத்துவிடும். தொட்டு எழுதும் நிப்புக்குத்தான் அது. இரும்பு மை அமிலம் உள்ளது, எழுதி முடித்ததும் நிப்பைக் கழுவித் துடைத்துவிடுங்கள். வண்ணம் வேண்டுமென்றால் குவாஷ் என்னும் அடர்ந்த நீர்வண்ணத்தைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் நிப்புக்கு ஊட்டுங்கள்.

முடிந்தால் சாய்வுப் பலகையில் எழுதுங்கள். கழுத்து குனியாது, எழுத்தையும் நேராகப் பார்க்கலாம்.

வெள்ளைத்தாள்:

தமிழுக்கு முதலில் பென்சில், பிறகு நிப். அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று. நான்கு வரிப் பாடல் ஒன்றை முழுத் தாளில் எழுதித் தரக் கேட்டிருக்கிறார்கள். வரி நீளம் ஒவ்வொன்றும் வேறு. நடுவில் வருமாறு எப்படி அமைப்பது? எழுதிய பிறகு ஒரு பக்கம் இழுத்துவிடுமோ என்று பயம்.

இடைவெளி:

நல்ல தாளில் நேராக எழுதாதீர்கள். சாதாரணத் தாளில் அதே நிப், அதே உயரத்தில் நான்கு வரியையும் எழுதுங்கள். ஒவ்வொரு வரியையும் துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் பாதியாக மடித்து நடுவை மடிப்பால் குறியுங்கள். இன்னொரு வெற்றுத் தாளில் நடுக்கோடு போட்டு, மடிப்பு அதில் விழும்படி துண்டுகளை அடுக்குங்கள். ஒட்டுவதற்கு முன் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். வரி இடைவெளியை அங்கேதான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் கடைசி எழுத்து ர் அல்லது ா என்றால் அந்தப் பக்கம் லேசாகத் தெரியும். அப்போது மடிப்பை நம்பாமல் கண்ணுக்குச் சரியாகும்வரை அந்தத் துண்டைச் சற்று நகர்த்துங்கள். ஓரத்தில் வெள்ளை தாராளமாக இருக்கட்டும், கீழ் ஓரம் மேலதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

அமைந்ததும் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று அளந்து நல்ல தாளில் மெல்லிய பென்சிலால் குறியுங்கள். எழுதும்போது அந்தந்தத் துண்டைக் கோட்டுக்கு நேர் மேலே வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதினால் இடைவெளி விலகாது. மை நன்றாகக் காய்ந்த பிறகே பென்சில் கோட்டை அழியுங்கள், மென்மையான ரப்பரால்.